காத்திருக்கும் உரிமை

மாத்தளை மாவட்டத்தின் லக்கலைக்குள் இறங்கும் தார் ரோட்டின் ஒரு பக்கத்தை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீலத் தறப்பாளை ரோட்டோரமாக நீளத்துக்கு விரித்து, அதன்மேல் மெல்லிசாக நெல்லைப் பரப்பியிருக்கிறார்கள். பெரும்போக அறுவடை முடிகிற மாசி மாதம். சீத்தையும் சட்டையுமாக ஒரு தாய், வெறுங்காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார். கால் போன வழியில் சால் விழுகிறது. அடியில் கிடந்த நெல் மேலே வருகிறது. திரும்பி வரும்போது பக்கத்தில் இன்னொரு சால். வான் ஒன்று வந்து வேகத்தைக் குறைத்து, மறுபக்கத்தால் ஒதுங்கிப் போகிறது. ஹோர்ன் அடிக்கவில்லை. நெல் காயும் நாட்களில் யாரும் அடிப்பதில்லை.

தலைக்கு மேலே மின்கம்பி போகிறது. கம்பியின் நிழல் நெல்லின் மேல் மெல்லிய கோடாக விழுந்திருக்கிறது. அந்தத் தாய் கம்பியைப் பார்க்கவில்லை. நக்கிள்ஸ் மலைப் பக்கம் கூடும் முகிலைத்தான் பார்க்கிறார். ஒரு முறை பார்த்துவிட்டு நடையைக் கூட்டுகிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுருட்டி வைத்த இன்னொரு தறப்பாள் கிடக்கிறது. மழை இறங்கினால் மூடுவதற்கு.

சின்ன லொறி ஒன்று வந்து நிற்கிறது. இறங்கிய இளைஞர் குனிந்து நாலைந்து நெல்மணிகளைப் பொறுக்கி, உமியை நகத்தால் கிள்ளி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். காய்ந்த அரிசி ‘டக்’கென்று உடையும். ஈரமுள்ளது நசுங்கும். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“ஈரம் போகல்லையே அக்கா.”

“நாளைக்குப் பின்னேரம் வாங்களேன். காய்ஞ்சிடும்.”

“நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன். இப்பவே நிறுத்தா எடுத்துக்கிறன். ஈரத்துக்குக் கழிச்சுத்தான்.”

அந்தத் தாய் மறுபடி மலையைப் பார்க்கிறார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, சாக்குகளைக் கொண்டுவரச் சொல்லி மகனைக் கூப்பிடுகிறார்.

அறுவடை மெசினிலிருந்து இறங்கும் நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம். பூஞ்சணம் பிடிக்காமல் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் அதை 14 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலை கொடுப்பதும் அந்த அளவுக்குள் காய்ந்த நெல்லுக்குத்தான். பொலன்னறுவையின் பெரிய ஆலைகளில் உலர்த்திகள் இருக்கின்றன. விசிறி சுற்ற, சூடான காற்று நெல்லுக்குள் புகுந்து ஈரத்தை வெளியே எடுத்துப்போகும். ஒரே இரவில் வேலை முடியும். அதன்பின் அந்த நெல்லுக்கு அவசரம் கிடையாது. விலை ஏறும்வரை கிடங்கில் இருக்கலாம். தறப்பாளில் கிடக்கும் நெல்லுக்கு நாளை மழையா வெயிலா என்பதே தெரியாது. அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே நெல். அங்கே மின்சாரம் கொஞ்சம் காலத்தை வாங்கிக் கொடுக்கிறது. இங்கே அந்தக் காலம் இல்லை. எந்த மூட்டைக்குக் காத்திருக்க முடிகிறதோ அந்த மூட்டைக்குத்தான் விலை.

உலர்த்துவதற்கு எப்போதும் ஏதோ ஒன்று எரியத்தான் வேண்டியிருந்தது. நக்கிள்ஸ் காட்டு நிழலில் ஏலம் பயிரிட்ட காலத்தில், பச்சைக் காயை உலர்த்தும் கொட்டில்கள் காட்டுக்குள்ளேயே நின்றன. விறகும் அதே காட்டிலிருந்துதான் வந்தது. காயோடு சேர்ந்து காடும் உலர்ந்தது. 2000ஆம் ஆண்டு அந்தக் காடு பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஏலக் கொட்டில்கள் கைவிடப்பட்டன. இன்று வீட்டு முற்றங்களில் காய்வது பெரும்பாலும் மிளகும் கராம்பும். அவற்றுக்கும் வெயில்தான் அடுப்பு.

*

பொழுது சாய்கிறது. வஸ்கமுவக் காட்டை நோக்கிய பக்கத்தில், வயலும் சேனையும் முடிகிற இடத்தில் யானை வேலி ஓடுகிறது. கம்பங்களுக்கிடையே கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. ஒரு கம்பத்தின் உச்சியில் சோலார் தகடு. கீழே தகரக் கூட்டுக்குள் பெட்டரியும் சிறிய பெட்டியொன்றும். பெட்டியிலிருந்து ‘டிக்… டிக்…’ என்று சத்தம் வந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் பல ஆயிரம் வோல்ட் மின்துடிப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கம்பியில் ஓடி மறைகிறது. தொட்ட யானை அதிர்ந்து பின்வாங்கும். சாகாது.

இருவர் கத்தியோடு வேலியோரமாக நடக்கிறார்கள். கம்பியைத் தொடும் அளவுக்கு வளர்ந்த புல்லை வெட்டி எறிகிறார்கள். புல் கம்பியில் பட்டால் கரண்ட் புல் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். வேலி நிற்கும், வலு இருக்காது. யானைக்கு அது எப்படித் தெரிகிறதோ, வலுவிழந்த இடத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. அதனால் இந்த வேலியைக் காப்பது பெட்டரியும் கத்தியும் சேர்ந்துதான். வெட்டிக்கொண்டு போனவர்களில் மூத்தவர் ஓரிடத்தில் நின்று, புல் நுனியைக் கம்பியில் தொட்டுப் பார்க்கிறார். விரலில் சுண்டியதுபோலக் கையை இழுத்துக்கொள்கிறார். “இருக்கு” என்று மட்டும் சொல்கிறார். இளையவர் தலையசைத்து முன்னே நடக்கிறார்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னே மரத்தின் மேல் பரண் கட்டி, இரவெல்லாம் கண்விழித்து, கூவியும் தகரத்தைத் தட்டியும் யானை வெடி போட்டும் காவல் காத்தார்கள். இப்போதும் காப்பவர்கள் இருக்கிறார்கள். வயலிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் மின்சாரத்தின் முதல் வேலை இங்கேதான் நடக்கிறது. சமைக்கவும் குளிரவைக்கவும் முன்னே, விளைந்தது விடியும்வரை வயலில் இருக்க வேண்டும். மின்சாரம் இங்கே ஒரு இரவைத் தருகிறது.

அதே கரண்ட் பிழையான கம்பியில் ஏறினால் கொலையாகிறது. வீட்டு இணைப்பிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. அந்தக் கம்பியில் ஓடுவது விட்டுவிட்டு வரும் துடிப்பு அல்ல. பிடித்தால் விடாத மின்னோட்டம். இலங்கையில் யானைகள் இதில் சாகின்றன, மனிதரும் சாகிறார்கள். ஒழுங்கான வேலியும் அதைப் பராமரிக்க ஆளும் ஒரு கிராமத்துக்கு வந்துசேராதபோது அந்தக் கம்பி வருகிறது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்லும்போதே அந்த இல்லாமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

அரைக்கும் மில்லுக்கு முன்னால் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் பைகள். ஒன்றில் செத்தல் மிளகாய், ஒன்றில் வறுத்த மல்லி, ஒன்றில் குரக்கன். மில்காரர் சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் முதலில் முனகி, பிறகு பட்டி இறுகி, கட்டடம் முழுக்க அதிரும் சத்தமாகிறது. மிளகாய்த் தூள் காற்றில் எழுகிறது. வாசலில் நின்ற சிறுமி தும்முகிறாள். பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலாகப் பேசப் பழகியவர்கள். குரக்கன் மா சூடாகப் பைக்குள் விழுகிறது. அதற்குரிய பெண் பைக்குள் கைவிட்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்க்கிறார். கொஞ்சம் பருமன். “இன்னொருக்கா போடுங்க” என்று திருப்பிக் கொடுக்கிறார்.

இந்தப் பெண்ணின் தாய் திரிகையில் அரைத்திருப்பார். கல்லில் ஒரு வேளைக்கான குரக்கனை மாவாக்கக் காலைப் பொழுது போகும், தோள்பட்டை நோகும். நெல்லுக்கு உரலும் உலக்கையும். உணவைச் சமைக்குமுன் உணவாக்குகிற வேலை முழுக்கப் பெண்ணின் கையில் இருந்தது. அதை எந்த மின் அலகாலும் யாரும் அளக்கவில்லை. மோட்டார் வந்தபோது அது எடுத்துப்போனது அந்த நோவைத்தான். இந்த ஊருக்கு மின்சாரம் கொடுத்தவற்றில் குறைவில்லாத கொடை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த மில் சத்தத்தைக் காட்டுவேன்.

அந்தக் கொடை வந்து சேர நாள் எடுத்தது. டி.ஜே. விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. மகாவலியைப் பொல்கொல்லயில் மறித்து, மலையைக் குடைந்து, உக்குவெலயில் விழவைத்து 1976இல் மின்சாரம் எடுத்தார்கள். 1981இல் போவத்தென்ன. இரண்டும் மாத்தளை மாவட்டத்தில்தான். ஆனாலும் 1990ஆம் ஆண்டளவில்கூட இலங்கையில் மூன்றில் ஒரு வீட்டுக்கும் குறைவாகவே மின் இணைப்பு இருந்தது. மாவட்டத்தின் ஆறு சுழலியைச் சுற்றியது. மாவட்டத்தின் மலைக் கிராமங்கள் குப்பி விளக்கில் இராச்சோறு உண்டன. 1990களிலிருந்து நாட்டின் மலைக் கிராமங்கள் சில, ஓடையை மறித்துச் சிறு சுழலி வைத்து, மின் நுகர்வோர் சங்கம் அமைத்துத் தாங்களே வெளிச்சம் செய்துகொண்டன. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் கம்பி வந்துவிட்டது என்று நாடு சொல்லக்கூடிய நிலை வந்தது.

*

லக்கலைப் புதிய நகரின் கடையொன்றில் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. உள்ளே வெள்ளை விளக்கு. மேல் தட்டில் கலர் போத்தல்கள். நடுவில் யோகட் கோப்பைகள். கீழே பொலித்தீனில் சுற்றிய உறைந்த கோழி. கடைவாசலில், தரையில், சாக்கின் மேல் போஞ்சியும் கத்தரிக்காயும் ஒரு பூசணியும் கிடக்கின்றன. காலையில் வந்தபோது போஞ்சி நிமிர்ந்து கிடந்தது. பின்னேரம் வளைக்கிறபோது முறியாமல் வளைகிறது. கடைக்காரப் பெண் கையில் தண்ணீர் அள்ளி அதன்மேல் தெளிக்கிறார். வெளியூரிலிருந்து வந்தது குளிருக்குள் இருக்கிறது. ஊரில் விளைந்தது வெயிலுக்குள் கிடக்கிறது.

பெட்டியின் பக்கத்தில் ஆணியில் மின்சாரப் பில்கள் குத்தியிருக்கின்றன. கீழே போகப் போக மஞ்சளித்த தாள்கள். இந்தத் தாள்கள் நாட்டின் ஒரு காலத்தைச் சொல்லும். 2022 மார்ச் கடைசியில் டீசல் வாங்கக் காசில்லை, நீர்த்தேக்கங்களில் நீருமில்லை. ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் பெட்டியிலிருந்த கோழியும் மீனும் யாருக்கும் ஆகாமல் போயின. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர்தான் கலங்காமல் இருந்தது. பிறகு கரண்ட் வந்தது, பில்லும் வந்தது. மாதம் 30 அலகு மட்டும் எரிக்கும் ஏழை வீட்டுக்கு, 2022 ஆகஸ்ட்டுக்கு முன்னே அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. பின்னால் குறைந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் வீடுகளில் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைத் துணி மடித்து வைக்கும் அலுமாரியாக்கினார்கள். அரிசிச் சட்டி மறுபடி விறகடுப்புக்குப் போனது. கம்பி வாசல்வரை வந்திருப்பதும் கரண்ட் கைக்கு எட்டுவதும் வேறு வேறு.

*

இருட்டியபின் லொறி புறப்படத் தயாராகிறது. ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வந்த லொறி. சாரதியும் உதவியாளரும் தமிழர். போஞ்சிச் சாக்குகளை இளையவர் மேலே தூக்கிப் போடுகிறார். அடிச் சாக்கின் மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. பின்பு அதன்மேலே தானும் ஏறி மிதித்து இடம் பண்ணுகிறார்.

“மெதுவா மிதிடா தம்பி. காய் நசுங்கினா அவன் அங்க வெலய இறக்குவான்.”

“மிதிக்காட்டி இன்னும் ரெண்டு சாக்கு ஏறாதுண்ணே.”

சாரதி பதில் சொல்லவில்லை. இரண்டு சாக்கும் ஏற வேண்டும். லொறி நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் போகிறது.

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. இரவில்தான் அதற்கு முழு உயிர். கூரைக்குக் கீழே வரிசையாகக் குழல் விளக்குகள். டிஜிட்டல் தராசில் சிவப்பு எண்கள் துள்ளுகின்றன. நாட்டாமைமார் தோளில் சாக்கோடு, “வழி, வழி” என்று கத்தியபடி ஓடுகிறார்கள். யாழ்ப்பாண வெங்காயமும் நுவரெலியா கரட்டும் லக்கலைப் போஞ்சியும் ஒரே வெளிச்சத்தில் அருகருகே இறங்குகின்றன. நடுச்சாமத்தில் ஒரு விலை. இன்னும் நாலு லொறி வந்ததும் இன்னொரு விலை. விடியலில், மிஞ்சியதற்கு எதுவோ அதுதான் விலை. லக்கலைச் சாக்கின் வாயைப் பிரித்த வியாபாரி கையை ஆழ விட்டு அடிக்காயை எடுத்துப் பார்க்கிறார். முறித்துப் பார்க்கிறார். வளைகிறது. சாரதியிடம் ஒரு தொகை சொல்கிறார். சாரதி போனை எடுத்து ஊருக்குப் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லமுடியும்? திருப்பிக் கொண்டுவா என்று சொல்ல முடியாது. கொண்டுவந்து வைக்க இடமில்லை.

இலங்கையில் விளையும் காய்கறி, பழத்தில் 30 முதல் 40 வீதம்வரை அறுவடைக்குப் பின்னே வீணாகிறது என்பது ஆய்வாளர் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நசுங்கல், வெப்பம், தாமதம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதற்கு விடையாகத் தம்புள்ளையிலேயே 5,000 மெட்ரிக் தொன் கொள்ளும், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் இந்திய உதவியோடு கட்டப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அதைத் திறந்துவைத்தார்கள். நல்ல காரியம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாதக்கணக்கில் இருக்க அது வழி செய்யும். ஆனால் காய் அங்கே போய்ச் சேரும்போது அதன் பாதி உயிர் சாக்குக்குள்ளேயே போய்விடுகிறது. போஞ்சி பறித்த சில மணிநேரத்துக்குள் குளிர வேண்டும். அந்தக் குளிர் தோட்டத்துக்கு அருகே வேண்டும். சந்தையில் இருக்கும் குளிர் யாருக்குக் காலத்தைக் கொடுக்கும்? காய் அப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் உண்டு. 1990இல் அங்கே எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட்டுக்கான மின்சாரம் இலவசமானது. நீர் ஏறியது, விளைச்சல் ஏறியது, கிணறுகளும் ஆழமாயின. தக்காளி விலை விழுந்த நாளில் மட்டும், அந்த மின்சாரம் இருந்தும் விவசாயியால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ரோட்டோரம் தக்காளியைக் கொட்டினார்கள். தம்புள்ளை நிலையம் திறந்த அதே 1999இல், நவம்பர் 14ஆம் திகதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. விளைவித்தவரே விலை சொல்லும் இடம் அது. விலை சொல்லும் வாய்க்குப் பின்னால் பொருளைத் தாங்கிப்பிடிக்கும் குளிர் அறையும் வேண்டும் என்பது பின்னால்தான் உறைத்தது, பல சந்தைகளில் அது சேர்க்கவும் பட்டது.

*

லக்கலை இந்த நாட்டுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. களு கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டி, 2018இல் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. கடைத்தெருவும் வயலும் போயின. சனம் மேட்டுக்கு ஏறி, புதிய நகரில் புது முகவரியோடு வாழ்கிறது. அந்த நீர், சுரங்க வழியாக மொரகஹகந்தைக்குப் போகும்படி அமைந்த திட்டம் இது. மொரகஹகந்த அணையின் அடியில் 25 மெகாவோட் மின் நிலையம் சுற்றுகிறது. அங்கிருந்து நீர் வடமத்திய வயல்களுக்கு இறங்குகிறது. நாட்டின் சோற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே, ஒரு ஊரே தன்னை விட்டுக்கொடுத்து நிற்கிறது.

அந்த ஊர் கேட்கக்கூடியது பெரிய காரியமில்லை. ரோட்டோரத்தில் நெல் கொட்டாமல் இருக்க, கமக்காரர் அமைப்பின் கையில் ஒரு உலர்த்தி. தோட்டங்களிலிருந்து லொறிக்குப் போகும் சந்தியில், பகல் வெயிலிலேயே ஓடக்கூடிய ஒரு சோலார் குளிர் அறை. அதுவரைக்கும் செங்கல், மணல், தண்ணீர் மட்டும் கொண்டு கட்டும் குளிர்க் கூடம். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிய இந்தக் கூடத்துக்கு மின்சாரமே வேண்டாம். இரட்டைச் சுவருக்கு இடையிலுள்ள மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை. வேலியோரம் புல் வெட்டுகிறவர்களுக்கு ஒழுங்கான கூலி. இவற்றுக்கான செலவு, ஒரு போகத்தில் ரோட்டிலும் லொறியிலும் வீணாகிறதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய செலவு.

நாடு முழுவதும் மின்மயமாகிவிட்டது என்று எழுதும் கணக்கில் எண்ணப்படுவது வீடுகள். களத்து மேடும் கறிக்காய்ச் சந்தியும் அந்தக் கணக்கில் இல்லை. எத்தனை வீட்டில் பல்ப் எரிகிறது என்பதோடு, விளைவித்தவர்களில் எத்தனை பேரால் “இன்றைக்கு இல்லை, நாளன்றைக்கு வாருங்கள்” என்று வியாபாரியிடம் சொல்ல முடிகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், லக்கலைக்கு வரவேண்டிய கரண்ட் இன்னும் பாக்கி.